அழகு வாளும் ஆபத்தான விளையாட்டும்

மும்பையில் தமிழர்கள் வாழும் பகுதிகளில் மன்ற விழா, திருமணம், பிறந்தநாள் எதுவானாலும் ஒரு வாள் தலைகாட்டுவது உண்டு. தலைவருக்கு 'வீரவாள்' வழங்குகிறார்கள். ஜெய்ப்பூர், உதய்ப்பூர் போய் வருவோர் வெல்வெட் உறையிட்ட வாளை நினைவுப்பொருளாக வாங்கி வருகிறார்கள். சுவரில் தொங்கும் வரை அதனால் யாருக்கும் தீங்கில்லை.

"வெட்டுகிறதா, பார்ப்போம்" என்ற ஆசை பிறக்கும்போதுதான் விபரீதம் தொடங்குகிறது. வாழைத்தண்டு, இளநீர், தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் பாட்டில் என்று கிடைத்ததையெல்லாம் வெட்டிப் பார்க்கிறார்கள் இளைஞர்கள். சுற்றிலும் கூட்டம், முன்வரிசையில் குழந்தைகள்.

வாள் மழுங்கல்தானே, என்ன ஆகிவிடும் என்று பெரியவர்களும் சும்மா இருந்துவிடுகிறார்கள். ஆனால் ஆபத்து இருப்பது பிடிக்குள். நல்ல வாளில் அலகின் அடிப்பகுதி அகலமாகவே நீண்டு, பிடிக்குள் இறுகப் பொருந்தியிருக்கும். மலிவான அழகு வாள்கள் பலவற்றில் அலகின் அடியில் ஒரு மெல்லிய கம்பியைப் பற்றவைத்து, பிடியின் நுனியில் திருகி முடுக்கியிருப்பார்கள். வெளியே பார்த்தால் தெரியாது. ஓங்கி வெட்டும்போது அதிர்ச்சி முழுவதும் அந்தப் பற்றவைப்பில் இறங்குகிறது. அது விட்டுப்போனால் பிடி கையில் நிற்கும், அலகு பறந்துவிடும். அது யார் மேல் விழும் என்று வெட்டியவராலும் சொல்ல முடியாது.

அலகையும் நம்புவதற்கில்லை. துருப் பிடிக்காமல் பளபளக்க வேண்டும் என்பதற்காக எவர்சில்வரில் செய்கிறார்கள். சமையலறைக் கத்திக்கு அது போதும். இரண்டரை அடி நீள அலகோ, ஓங்கிய அடியில் ஒடிந்து சிதறக்கூடும். நம் ஊர்க் கொல்லர் லாரியின் வில்பட்டையைக் காய்ச்சி அடித்து, தோய்த்துப் பதம் ஏற்றி அரிவாள் செய்வது காரணமில்லாமல் அல்ல.

ஜப்பானில் வாள்வித்தை பயில்வோர் பாயைச் சுருட்டி நனைத்து வெட்டிப் பழகுவதுண்டு. அவர்களுங்கூட ஆசான் முன்னிலையில், பிடியைப் பிணைக்கும் மூங்கில் ஆணி உறுதியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே வாளை வீசுகிறார்கள்.

சட்டமும் சும்மா இராது. வாளால் கேக் வெட்டி அந்தப் படத்தைப் பரப்பியவர்கள் மீது 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழும், 1951-ம் ஆண்டு மகாராஷ்டிர போலீஸ் சட்டத்தின் கீழும் வழக்குகள் பதிவாகியுள்ளன. மத்திய அரசு ஊழியர் ஒருவர் 48 மணி நேரத்துக்கு மேல் காவலில் இருக்க நேர்ந்தால், அவர் சஸ்பெண்டு ஆனதாகவே கருதப்படுவார். கூலி வேலை செய்வோருக்கோ விரல் இரண்டு போனாலே பிழைப்பு போய்விடும். ஊரிலிருந்து பிழைக்க வந்தவர்கள் ஒரு நிமிடக் கைத்தட்டலுக்காகக் கொடுக்கும் விலையா இது?

வாங்கிய வாள் சுவரிலேயே இருக்கட்டும். குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும். கூர் தீட்டவும் வேண்டாம், வெட்டிப் பார்க்கவும் வேண்டாம். மன்ற நிர்வாகிகள் மேடையிலிருந்து இதைச் சொன்னால் இளைஞர்கள் கேட்பார்கள். இனிவரும் விழாக்களில் வாளுக்குப் பதிலாகக் கேடயம் பரிசளித்தால் இன்னும் நல்லது. கேடயத்தை யாரும் வெட்டிப் பார்க்கப்போவதில்லை.