நொடிக்கு எத்தனை படம்?



இந்த வாரம் பழங்கதை இல்லை. பேரனோடு ஒரு வாக்குவாதம் நடந்தது. அதில் நான் தோற்றேன். அதைத்தான் எழுதப் போகிறேன்.

லீவுக்கு வந்த பேரன் தன் பிளேஸ்டேஷன் 5 பெட்டியையும் கொண்டுவந்து கூடத்து டிவியில் மாட்டினான். அதில் 'எ பிளேக் டேல்: ரெக்வியம்' என்றொரு விளையாட்டு. 2022இல் வந்தது; செய்தவர்கள் பொர்தோ நகரத்துக்காரர்கள். 14ஆம் நூற்றாண்டில், கொள்ளைநோய் பரவிய தென் பிரான்சில், அமிசியா என்ற பெண் கையில் கவணோடு தன் தம்பியைக் காப்பாற்ற அலைகிறாள். பேச்சைப் பிரெஞ்சிலேயே வைத்துக் கேட்கலாம். பிரெஞ்சுப் பள்ளியில் படித்துவிட்டு, பிறகு சர்க்கார் கோப்புகளோடு காலம் தள்ளியவன் நான். விடுவேனா? நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

நடுவில் அவன் செட்டிங்கில் எதையோ மாற்றினான். தூரத்து மரமெல்லாம் கொஞ்சம் மங்கியது போலிருந்தது.

"நல்லா இருந்த படத்தை ஏண்டா கெடுத்தே?"

"கெடுக்கல தாத்தா, அறுபதுக்கு மாத்தினேன்."

விஷயம் இதுதான். திரையில் நொடிக்கு 30 படமும் காட்டலாம், 60 படமும் காட்டலாம். 30 என்றால் ஒரு படத்தை வரையப் பெட்டிக்கு 33 மில்லி நொடி கிடைக்கும். 60 என்றால் ஏறக்குறைய 17தான். ஒரு நாள் வேலையை அரை நாளில் கேட்டால் குமாஸ்தாவின் கையெழுத்து எப்படி இருக்கும்? அதே கதைதான். வேகம் கூடினால் நுணுக்கத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும்.

நான் விடவில்லை. "பேசும் படம் வந்த காலத்திலிருந்து சினிமாவுக்கு நொடிக்கு 24 படம் போதுமானதாக இருக்கிறதே! உனக்கு மட்டும் ஏன் 60?" என்றேன். அவன் பதில் சொல்லவில்லை. கன்ட்ரோலரை என் கையில் கொடுத்துவிட்டான்.

முப்பதில் வைத்து விளையாடினேன். பார்வையைத் திருப்பினால் சுவர்கள் தட்டித் தட்டி நகர்ந்தன. கவணைச் சுழற்றிப் பொத்தானை விட்டால், கல் ஒரு கணம் யோசித்துவிட்டுப் போவது போல் இருந்தது. அறுபதுக்கு மாற்றினான். அப்போதும் குறி தப்பியது. ஆனால் என் கை போன பக்கம் திரையும் உடனே வந்தது.

அப்புறம்தான் என் வாதத்தின் ஓட்டை தெரிந்தது. சினிமாக் கேமரா எடுக்கும் ஒவ்வொரு படத்திலும் அசைவு லேசாக இழுபட்டுப் பதிகிறது. கண் அதைக் கோத்துக்கொள்கிறது. அதைவிட முக்கியம், சினிமா நம்மை ஒன்றும் செய்யச் சொல்வதில்லை. விளையாட்டில் நம் கைக்குத் திரை பதில் சொல்ல வேண்டும்.

2024 செப்டம்பரில் பிளேஸ்டேஷனை வடிவமைக்கும் மார்க் செர்னியும், இரண்டு வழி இருந்தால் முக்கால்வாசி வேகத்தையே தேர்ந்தெடுக்கிறார்கள் என்றார். ஆனாலும் விளம்பரத்தில் ஓடாத படத்தைக் காட்டித்தான் ஆளை மயக்குகிறார்கள். இந்த விளையாட்டிலேயே அறுபது பிற்பாடுதான் வந்து சேர்ந்ததாம். முதல் நாளிலேயே இரண்டு வழியும் கொடுத்துவிட வேண்டும் என்பது என் கட்சி.

"வயசான கண்ணுக்கு இதெல்லாம் தெரியவா போகிறது?" என்று நீங்கள் கேட்கலாம். கண்ணை விடுங்கள், கை இருக்கிறதே! எழுபது தாண்டிய விரல் ஏற்கெனவே தாமதம். பெட்டியும் தன் பங்குக்குத் தாமதித்தால், தப்பு யாருடையது என்றுகூடத் தெரியாமல், 'நமக்கு இதெல்லாம் வராது' என்று எழுந்து போய்விடுவோம். நானும் அப்படித்தான் இத்தனை வருஷமும் பக்கத்து நாற்காலியிலேயே இருந்துவிட்டேன்.

உங்கள் வீட்டிலும் பேரப்பிள்ளைகள் கூப்பிட்டால் உட்காருங்கள். முதலில் டிவியில் 'கேம் மோட்' போடச் சொல்லுங்கள். அதுவும் தாமதத்தைக் குறைக்கும். பிறகு அறுபது.

எதிரிகள் இல்லாத ப்ரொவான்ஸ் தெருக்களில் அமிசியா சும்மா நடக்கும்போது மட்டும், "கொஞ்சம் முப்பதுக்கு மாத்துடா, ஊரைப் பார்த்துக்கிறேன்" என்பேன். முணுமுணுத்துக்கொண்டே மாற்றுவான்.