துணியில் முளைத்தது, மண்ணில் எங்கே?



ஆடிப்பட்டம் தொடங்கியதிலிருந்து உங்கள் கடிதங்களில் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. ‘ஈரத்துணியில் கட்டிவைத்த விதை நன்றாக முளை விட்டது. மண்ணில் ஊன்றிப் பத்து நாளாகியும் ஒன்றும் தலைகாட்டவில்லை. விதை மோசமா?’

பெரும்பாலும் விதையின் மேல் குற்றமில்லை. முளைக்கும் தெம்பு இருக்கப்போய்த்தானே துணியில் வேர் விட்டது! சிக்கல் அதற்கு மேலே நாம் மூடிய மண்ணில்.

சென்ற ஆண்டு என் மாடித் தோட்டத்தில் எட்டுப் பாகல் விதைகளை முளைகட்டி ஊன்றினேன். ஒன்றுதான் வந்தது. மனது கேட்காமல், ஒன்பதாம் நாள் ஒரு குச்சியால் மெதுவாகக் கிளறிப் பார்த்தேன். நான்கு விதைகள் கூழாகி, புளித்த வாடை அடித்தன. இரண்டில் வேர்முனை ஒடிந்திருந்தது. துணி நூலில் சிக்கியதை நான் இழுத்தபோது ஒடிந்திருக்க வேண்டும். கடைசி விதைதான் என்னை உலுக்கியது. உயிரோடு இருந்தது. வெளிர்மஞ்சள் தண்டு, பொருக்குத் தட்டிய மேல்மண்ணை முட்டி முட்டி, வழி கிடைக்காமல் வளைந்து கிடந்தது. இரண்டு நாள் முன்பே பூவாளியால் மேல்மண்ணை நனைத்திருந்தால் வெளியே வந்திருக்கும்.

காய்ந்த விதைக்குப் பொறுமை அதிகம், மாதக்கணக்கில் காத்திருக்கும். வேர் வெளியே வந்துவிட்டால் அந்தப் பொறுமை போய்விடும். ஒரு நாள் வெயிலில் மண் காய்ந்தாலும் கருகும். தண்ணீர் தேங்கினால் காற்றில்லாமல் அழுகும். ஈரம் வேண்டும், சொதசொதப்பு கூடாது. நெல் விவசாயிகளுக்கு இது கைவந்த பாடம். 24 மணி நேரம் ஊறவைத்து, நீரை வடித்து, இன்னொரு 24 மணி நேரம் மூட்டம் போடுவார்கள். வெள்ளை முனை எட்டிப் பார்த்ததுமே நாற்றங்காலில் தெளித்துவிடுவார்கள். வேர் நீளும்வரை விட்டால் பின்னிக்கொண்டு ஒடியும். தெளித்த பிறகு நாற்றங்காலில் நீர் தேங்க விடமாட்டார்கள்.

வீட்டுத் தோட்டத்துக்கும் இதே கணக்குதான். வேர் அரை விரற்கடை தாண்டும் முன் ஊன்றிவிடுங்கள். வேரைத் தொடாமல் விதையின் ஓட்டைப் பிடித்து, வேர்முனை கீழ்நோக்க வையுங்கள். விதையின் தடிமனைப் போல் இரண்டு, மூன்று மடங்கு ஆழம் போதும். அதற்கு மேல் போனால், விதையில் உள்ள சத்து வெளிச்சத்தை எட்டும் முன்பே தீர்ந்துவிடும். மேலே மூடக் களிமண் வேண்டாம். மணலும் நன்கு மக்கிய தொழுவுரமும் கலந்து தூவுங்கள். மக்காத எரு சூடேறி இளவேரைப் பொசுக்கிவிடும். தென்னை நார்க்கழிவு போடுகிறவர்கள் உப்புப் போக அதை அலசிவிட்டுப் போடுங்கள். குழியில் விதையே இல்லையென்றால் எறும்பையோ எலியையோ தேடுங்கள்.

ஒரு வேண்டுகோள். இனி முளை வராத குழியை அப்படியே மூடிவிடாதீர்கள். கிளறிப் பாருங்கள். விதை அழுகியிருந்ததா, காய்ந்திருந்ததா, ஒடிந்திருந்ததா, எத்தனை ஆழத்தில் கிடந்தது என்று எங்களுக்கு எழுதுங்கள். உங்கள் மண் எது என்பதையும் சேர்த்து எழுதினால் பதில் சொல்ல எளிதாக இருக்கும்.

அன்புடன்,
ஆசிரியர்