சுவரில் தொங்குது சோடா பாட்டில்! போர்டு எழுதினவர் எங்கே?

கோலி சோடாவை நம்ம ஊரில் குடிப்பார்கள். சண்டை வந்தால் வீசுவார்கள். இப்போது ஆணி அடித்துச் சுவரில் மாட்டுகிறார்கள்!

நிஜ பாட்டிலை இல்லீங்க, படத்தை. டபராவில் நுரை ததும்பும் காபி, கண்ணாடி கிளாசில் டீ, பன்னீர் சோடா, ரோஸ் மில்க், இளநீர் என்று நாம் அன்றாடம் குடிக்கிற அத்தனையும் படமாக வந்துவிட்டன. பின்னணியில் கண்ணைப் பறிக்கும் ரோஸ், மஞ்சள், கிளிப் பச்சை. காபி டம்ளருக்குக் கூலிங் கிளாஸ். சோடா பாட்டிலுக்கு முறுக்கு மீசை!

இதற்குப் பெயர் "பாப் ஆர்ட்". கண்காட்சிகளிலும் இணையதளக் கடைகளிலும் விற்கிறார்கள். சின்னது சில நூறு ரூபாய். பிரேம் போட்ட பெரிய படம் என்றால் ஆயிரத்தைத் தாண்டும்.

"டீக்கடையில் சில்லறைக்குக் கிடைக்கிற டீயை ஆயிரம் ரூபாய் கொடுத்து மாட்டறதா? பணத் திமிரு!" என்று பல்லைக் கடிப்பவர்கள் உண்டு. எனக்கு அந்தக் கோபம் கிடையாது. சாமி படம், தாத்தா படம், சிவகாசி காலண்டர் தொங்குகிற வீட்டில் ஒரு டம்ளர் காபியும் தொங்கிவிட்டுப் போகட்டுமே! ஆபீசில் திட்டு வாங்கி, பஸ்சில் நசுங்கி வீடு திரும்புகிற மனுஷனுக்கு அதைப் பார்த்தால் ஒரு சிரிப்பு வரும். அது லாபம்தான்.

என் கோபம் வேறு.

அமெரிக்காவில் நடந்தது

இந்தப் பாப் ஆர்ட் 1950-களில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் கிளம்பியது. பார்த்தால் புரியாத ஓவியங்கள் கொடிகட்டிப் பறந்த நேரம் அது. "கடை அலமாரியில் இருக்கிற சாமான்தான் எங்கள் படம்" என்று ஒரு புதுக் கூட்டம் புறப்பட்டது.

அவர்களில் பெரும்புள்ளி ஆண்டி வார்ஹோல். விளம்பரப் படம் போட்டுப் பிழைத்தவர். 1962-ல் கோகோ கோலா பாட்டில்களை வரிசை வரிசையாக அடுக்கிப் படம் செய்தார். அந்தப் படம் நியூயார்க் விட்னி மியூசியத்தில் இருக்கிறது. அதே ஆண்டு அவர் வரைந்த ஒற்றை கோக் பாட்டில் படம் 2013-ல் ஏலத்துக்கு வந்தது. போன விலை 5 கோடியே 70 லட்சம் டாலருக்கு மேல்! தலை சுற்றுகிறதா?

இன்னொருவர் ஜேம்ஸ் ரோசன்குவிஸ்ட். இவர் கதைதான் நமக்கு முக்கியம். நியூயார்க் வீதிகளில் உயரமான சாரத்தில் நின்றுகொண்டு விளம்பரப் பலகை வரைந்தவர் இவர். அந்தத் தொழிலில் கற்ற வித்தையை அப்படியே ஓவியத்துக்குக் கொண்டு வந்தார். 1965-ல் அவர் முடித்த "எஃப்-111" என்ற ஓவியம் 86 அடி நீளம். போர்டு எழுதின கை அல்லவா!

ஆக, அங்கே தெரு விளம்பரம் வரைந்தவரே பெரிய ஓவியர் ஆனார். பேரும் புகழும் அவருக்கே போய்ச் சேர்ந்தது. இங்கே?

இங்கே நடந்தது

சென்னைக்குப் பாப் ஆர்ட் கப்பலில் வந்து இறங்க வேண்டிய அவசியமே இல்லை. அது நம் தெருவிலேயே இருந்தது. டீக்கடைப் பலகையில் ஆவி பறக்கும் கிளாஸ். ஜூஸ் கடை ஷட்டரில் ஆரஞ்சுப் பழம். பெட்டிக்கடைச் சுவரில் கலர் பாட்டில்.

எல்லாம் போர்டு எழுதுகிற ஆர்ட்டிஸ்ட் கைவண்ணம். நூல் அடிப்பார். சாக்பீசால் கோடு போடுவார். எனாமல் பெயிண்டைக் குழைத்து எழுத்துக்கு நிழல் கொடுப்பார். கடைசியில் பாட்டில் மேல் வெள்ளையாக ஒரே ஒரு கோடு இழுப்பார். அவ்வளவுதான், கண்ணாடி மினுங்கும்! மூலையில் பொடி எழுத்தில் தன் பெயரோடு "ஆர்ட்ஸ்" என்று போட்டுவிட்டுப் போவார். சினிமா பேனரும் கட்-அவுட்டும் வரைந்தது இதே கூட்டம்தான்.

2000-க்குப் பிறகு பிளெக்ஸ் வந்தது. கம்ப்யூட்டரில் படம், மிஷினில் அச்சு, காலையில் ஆர்டர் கொடுத்தால் சாயங்காலம் போர்டு. விலையும் மலிவு. கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பிரஷ் பிடித்தவர் பிழைப்பு போச்சு. வீட்டுக்கு வெள்ளையடிக்கப் போனவர் உண்டு. ஆட்டோ ஓட்டப் போனவர் உண்டு. வண்டி நம்பர் பிளேட் எழுதி ஒப்பேற்றியவர் உண்டு.

இப்போது பாருங்கள், அதே நிழல் எழுத்து, அதே வெள்ளைக் கோடு, அதே அடிக்கிற ரோஸ்! "பழைய சென்னை ஸ்டைல்" என்று சொல்லி, கம்ப்யூட்டரில் போட்டு, பிரேம் மாட்டி விற்கிறார்கள். மூலையில் இருந்த அந்தப் பொடி எழுத்துப் பெயரை மட்டும் காணோம்!

கோலி சோடா பாட்டிலையே எடுத்துக்கொள்ளுங்கள். 1870-களில் ஹிராம் காட் என்ற இங்கிலாந்துக்காரர் கண்டுபிடித்தது. உள்ளே இருக்கும் கேஸ் கோலியை மேலே தள்ள, அது கழுத்தில் உள்ள ரப்பர் வளையத்தில் அழுந்தி அடைத்துக்கொள்ளும். இன்றைக்கும் இங்கிலீஷில் அது "காட் பாட்டில்"தான். பாட்டில் செய்தவர் பெயர் 150 வருஷமாக நிலைத்து நிற்கிறது. அதை நம் ஊர்ச் சுவரில் அழகாக வரைந்தவர் பெயர் 20 வருஷம்கூட நிற்கவில்லையே!

சட்டம் என்ன சொல்கிறது?

இது திருட்டா? ஸ்டேஷனில் போய்ப் புகார் கொடுக்கிற விவகாரம் இல்லை. ஒரு பாணிக்கு யாரும் சொந்தம் கொண்டாட முடியாது. கடைக்காரர் காசு கொடுத்து வரையச் சொன்ன படம் என்றால், வேறு ஒப்பந்தம் இல்லாத வரைக்கும் அதன் காப்பிரைட் கடைக்காரருக்கே என்கிறது 1957-ம் ஆண்டு சட்டம்.

ஆனால் அதே சட்டத்தில் 57-வது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. காப்பிரைட் கைமாறிப் போனாலும், "இதை வரைந்தது நான்" என்று சொல்லும் உரிமை வரைந்தவரை விட்டுப் போகாது. பழைய சுவரைப் போட்டோ எடுத்து அப்படியே அச்சடித்து விற்பவர்கள் இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்வது நல்லது.

என்ன செய்யலாம்?

படம் விற்கிறவர்களே! போர்டு எழுதினவர்கள் இன்னும் பேட்டைக்குப் பேட்டை இருக்கிறார்கள். தேடிப் பிடியுங்கள். வரைவதற்கு ஒரு கூலி, விற்கிற ஒவ்வொரு படத்துக்கும் ஒரு பங்கு, மூலையில் அவர் பெயர். இந்த மூன்றும் கொடுத்தால் உங்கள் சரக்குக்கும் மதிப்புதான்.

வாங்குகிறவர்களே! "இதை யாருங்க வரைஞ்சது?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பிரிண்ட்தான் வேண்டும் என்பதில்லை. நம்பர் பிளேட் எழுதுகிறவரிடம் ஒரு தகரத்தைக் கொடுத்து, காபி டம்ளர் வரைந்து தரச் சொல்லுங்கள். எனாமல் பெயிண்டை ஈரத் துணியால் துடைக்கலாம். காகிதப் படத்தைச் சமையல்கட்டில் மாட்டினால் எண்ணெய்ப் பிசுக்கு ஏறும், நேர் வெயில் பட்டால் வெளுத்துப் போகும்.

கடைக்காரர்களே! அடுத்த போர்டு மாற்றும்போது பிரஷ்காரர் ஒருவரைக் கூப்பிட்டு விலை கேளுங்கள். பிளெக்ஸ் வெயிலில் கிழிந்து தொங்குகிற கணக்கையும் சேர்த்துப் பாருங்கள்.

மாநகராட்சிக்கும் ஒரு வார்த்தை. போஸ்டர் தொல்லையை ஒழிக்க 2010-ல் அண்ணா சாலைச் சுவர்களில் ஓவியம் வரைய வைத்தது நீங்கள்தானே? பள்ளிக்கூடச் சுவர், பூங்காச் சுவர் என்று ஊர் முழுக்கச் சுவர் இருக்கிறது. வார்டு வாரியாகப் போர்டு ஆர்ட்டிஸ்டுகள் பட்டியல் எடுத்து, அந்த வேலையை அவர்களிடம் கொடுத்தால் என்ன?

அவர் வரைந்த சோடா பாட்டில் இன்று வரவேற்பறை வரைக்கும் போய்விட்டது. வரைந்தவர் மட்டும் இன்னும் தெருவில் நிற்கிறார்.

சம்பந்தப்பட்டவர்கள் கவனிப்பார்களா?