எந்த மோட்டாருக்கு எந்த டிரைவர்?



புராஜெக்ட் என்றாலே நம்மில் பலர் கடையில் போய் முதலில் கேட்பது, "அண்ணே, ஒரு எல்298 போர்டு கொடுங்க" என்பதுதான். ஏன் அதுவே வேணும் என்று கேட்டால், "போன வருஷம் சீனியர் போட்டாங்க" என்ற பதில்தான் வருகிறது. இது சரியல்ல என்பது என் தாழ்மையான கருத்து.

நம் தஞ்சை விவசாயியைப் பாருங்கள். போர்செட்டுக்கு ஸ்டார்ட்டர் வாங்கும் முன், மோட்டார் எத்தனை ஹெச்.பி. என்று பார்க்காமல் அவர் காசை எடுப்பதில்லை. ஓடும்போது இழுப்பதைவிடக் கிளம்பும்போது மோட்டார் பல மடங்கு கரண்ட் இழுக்கும் என்பது அவருக்குத் தெரியும். நம் சின்ன டி.சி. மோட்டாருக்கும் அதே நியாயம்தான்.

நிற்கும் மோட்டாரில் பேக் இ.எம்.எஃப். கிடையாது. கரண்டைத் தடுப்பது வைண்டிங் ரெசிஸ்டன்ஸ் மட்டுமே. ஷாஃப்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, நாலைந்து இடத்தில் மல்டிமீட்டரில் அளந்து, குறைந்த அளவை எடுங்கள். 6 ஓம் காட்டினால், 6 வோல்ட்டுக்கு 1 ஆம்பியர். அவ்வளவுதான் கணக்கு! அதைத் தாங்கும் டிரைவரைத்தான் தேட வேண்டும்.

ஒரே திசையில் சுற்றினால் போதுமா? அப்படியானால் டிரைவர் ஐ.சி.யே வேண்டாம். ஐஆர்எல்இசட்44என் போன்ற லாஜிக் லெவல் மாஸ்ஃபெட் ஒன்றும், மோட்டாருக்குக் குறுக்கே ஒரு டயோடும் போதும். டயோடை விட்டுவிட்டால், மோட்டாரை நிறுத்தும் நொடியில் எழும் வோல்டேஜ் மாஸ்ஃபெட்டைக் காலி பண்ணிவிடும். பிசி547 இதற்கு ஆகாது. அது தாங்குவது 100 மில்லி ஆம்பியர்தான்.

முன்னும் பின்னும் ஓட வேண்டுமென்றால் ஹெச்-பிரிட்ஜ் வேண்டும். இங்கேதான் எல்298-இன் குணம் தெரியும். உள்ளே இருப்பவை பைபோலார் டிரான்சிஸ்டர்கள். 1 ஆம்பியர் ஓடும்போது 1.8 முதல் 3.2 வோல்ட் வரை அவையே விழுங்கிவிடும். 6 வோல்ட் பேட்டரியில் பாதி சூடாகவே போகலாம். கல்லணையில் திறந்த தண்ணீர் கடைமடைக்கு வராத கதைதான்! எல்293டி-யும் அதே ரகம். அது தொடர்ந்து தருவது 600 மில்லி ஆம்பியர். மாஸ்ஃபெட் உள்ள டிபி6612எஃப்என்ஜி 1.2 ஆம்பியர் தாங்கும். 1 ஆம்பியரில் அது இழப்பது சுமார் அரை வோல்ட்தான். எல்298 மட்டம் என்று நான் சொல்லவில்லை. 24 வோல்ட் மோட்டாருக்கு இரண்டு வோல்ட் போனால் பெரிய நஷ்டமில்லை. சின்ன மோட்டாருக்கு அது பொருந்தாது, அவ்வளவே.

எங்கள் குடும்பத்தில் டிப்ளமோ படிக்க வந்த முதல் ஆள் நான். என்னைப் போல இங்கே பலர் உண்டு. நாத்து நட்ட கூலியில் சாமான் வாங்குகிறவர்கள் நாம். வீட்டில் கேட்க ஆள் இல்லாததால் சீனியர் சொன்னதே வேதம் என்றாகிவிடுகிறது. ஆனால் டேட்டாஷீட் எல்லோருக்கும் இலவசம். பணக்காரன் பிள்ளைக்கும் நமக்கும் அது ஒரே எண்ணைத்தான் சொல்கிறது. நாளைக்கு வைவாவிலோ இன்டர்வியூவிலோ "ஏன் இதைப் போட்டாய்?" என்று கேட்டால், சீனியர் பெயரைச் சொல்ல முடியுமா?

முதலில் அளப்போம். பிறகு வாங்குவோம்!