ஜித்தாவில் பதினொரு மணித்தியாலம்



டிசம்பர் லீவில் உம்றா முடித்து வந்தோம், அல்ஹம்துலில்லாஹ். மக்காவிலும் மதீனாவிலும் பெரிதாகக் குறை சொல்ல ஒன்றுமில்லை. சொல்ல வந்தது கடைசி நாளைப் பற்றி. வாசித்துவிட்டு சில ட்ரவல்ஸ்காரர்கள் கோபிப்பார்கள். கோபிக்கட்டும்.

ளுஹர் தொழுத கையோடு மக்காவில் பஸ் ஏற்றினார்கள். ஜித்தா எயார்போர்ட்டில் இறக்கும்போது பின்னேரம் மூன்று மணி. பிளைட் இரவு இரண்டு மணிக்கு. ஏன் இவ்வளவு நேரத்தோடு என்று கேட்டதற்கு, "ரூமை விட்டுக் கொடுக்கணும் சேர், பஸ்ஸும் அடுத்த குரூப்பை எடுக்கப் போகணும்" என்று பதில் வந்தது. அதாவது பஸ்ஸின் வசதிக்காக, நாற்பது பேர் பதினொரு மணித்தியாலம் தரையில் கிடக்க வேண்டும். சீனி வருத்தம் உள்ள உம்மாமார், முழங்கால் மடக்க முடியாத வாப்பாமார், எல்லோரும் பேரீத்தம்பழப் பெட்டிக்குத் தலை வைத்துப் படுத்தார்கள். கவுண்டர் திறக்கும்வரை பெட்டிகளையும் ஒப்படைக்க முடியாது.

எங்கள் குரூப்பில் இரண்டு தம்பிமார், "சேர், நீங்க போயிட்டு வாங்க, பெட்டிகளை நாங்க பார்க்கிறோம்" என்றார்கள். அல்லாஹ் அவர்களுக்கு நற்கூலி கொடுக்கட்டும். அஸரைத் தொழுதுவிட்டு, வயதான உம்மாமார் மூவர் உட்பட எட்டுப் பேர் இரண்டு டெக்ஸியில் கிளம்பினோம். ஏறத்தாழ இருபது கிலோமீற்றர், அரை மணித்தியாலம். டெக்ஸிக்குப் பங்கு போட்ட காசு ஒரு பெட்டி பேரீத்தம்பழத்தின் விலைக்கும் வரவில்லை.

போனது அல்பலத் என்ற பழைய ஜித்தாவுக்கு. "மக்காவின் வாசல்" என்ற பெயரோடு 2014இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்த இடம். ஹிஜ்ரி 26இல், கிறிஸ்து ஆண்டு 647இல், உஸ்மான் (ரழி) அவர்கள் மக்காவின் துறைமுகமாக ஆக்கிய ஊர் இது. எயார்போர்ட் வருமுன் கடல் வழியாக வந்த உலகத்து ஹாஜிகள் இங்கேதான் இறங்கினார்கள். கரையோரம் முருகைக்கற் பாறை என்பதால் கப்பலைத் தூரத்திலே நிறுத்தி, சிறு தோணிகளில் ஆட்களைக் கொண்டுவந்து இறக்குவார்களாம். நம் மூத்தவாப்பாமாரில் கப்பலில் ஹஜ்ஜுக்குப் போனவர்கள் கால் வைத்த மண்ணும் அதுதான். அதைத் தொட்டுக்கொண்டு போகிற பஸ்ஸில் நாம் நித்திரை.

அங்குள்ள வீடுகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லத்தான் வேண்டும். செங்கடலில் வெட்டிய முருகைக்கல்லால் நாலைந்து மாடி கட்டி, இடையிடையே மரச்சட்டம் வைத்து இறுக்கியிருக்கிறார்கள். கல்குடாப் பக்கம் நாம் முருகைக்கல்லைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கித் தீர்த்தோம். அவர்கள் கட்டிய வீடு இன்னும் நிற்கிறது. ஒவ்வொரு மாடியிலும் ரவ்ஷன் என்ற மரப்பின்னல் ஜன்னல் தெருவை நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும். காற்று உள்ளே வரும், பெண்கள் வெளியே பார்க்கலாம், தெருவில் போகிறவனுக்கு அவர்களைத் தெரியாது. நஸீஃப் வீட்டின் முன்னால் ஒரு மரம். எங்களோடு வந்த உம்மா ஒருவர் கிட்டப் போய் இலையைப் பார்த்துவிட்டு, "இது நம்மட வேம்பெலா!" என்றார். உண்மைதான், வேம்பேதான். 1925 டிசம்பரில் ஜித்தாவுக்குள் வந்த மன்னர் அப்துல் அஸீஸ் தங்கிய வீடு அது. பக்கத்துத் தெருக்களில் ஒன்றில் ஷாஃபிஈ பள்ளிவாசல், அதன் மினாரா ஹிஜ்ரி ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. குனூத் ஓதுவதா விடுவதா என்று ஊரில் நாம் பள்ளியைப் பிரித்துக்கொண்டு நிற்கிறோம். இமாம் ஷாஃபிஈயின் பெயரில் மக்காவின் வாசலிலேயே ஒரு பள்ளி நிற்பது எங்கள் குரூப்பில் ஒருவருக்கும் தெரியாது. படிப்பிக்கிற எங்களுக்கும் போய்ப் பார்க்கும்வரை தெரியாது. வெட்கமாகத்தான் இருந்தது.

மஃரிபை அங்கே தொழுதோம். இஷாவுக்குப் பிறகு திரும்பி எட்டரைக்கெல்லாம் எயார்போர்ட்டில் இருந்தோம். கவுண்டர் அப்போதும் திறக்கவில்லை.

ஊருக்கு வந்து சொன்னபோது ஒரு பெரியவர், "இபாதத்துக்குப் போனவங்களுக்கு ஊர் சுத்தல் என்னத்துக்கு?" என்றார். நியாயமான கேள்வி. ஹரமில் இருந்த ஒரு வக்தையாவது இதற்காக விட்டிருந்தால் அது தவறுதான். நாங்கள் விட்டது எயார்போர்ட்டின் தரையை மட்டும். அதே பதினொரு மணித்தியாலத்தில் மற்றவர்கள் செய்த இபாதத் என்ன என்று கேட்டால் பதில் இல்லை. போனில் வீடியோ பார்த்தார்கள், இரண்டு பேர் ஸம்ஸம் போத்தலுக்குச் சண்டை பிடித்தார்கள். பூமியில் பயணம் செய்து முன்னிருந்தவர்களின் முடிவைப் பாருங்கள் என்று குர்ஆன் பல இடங்களில் சொல்வதை ஜும்ஆவில் கேட்டுக்கொண்டுதானே இருக்கிறோம்?

இன்னொருவர், "வீசாவில் பிரச்சினை வரும்" என்று பயங்காட்டினார். ட்ரவல்ஸ்காரர் சிலரும் இதைத்தான் சொல்கிறார்கள். உம்றா வீசாவில் வந்தவர் சவூதியின் எந்த நகரத்துக்கும் போகலாம் என்று அந்நாட்டு ஹஜ், உம்றா அமைச்சே 2022இல் அறிவித்துவிட்டது. வேலைக்குப் போகும் நம் பிள்ளைகள் வேறு வளைகுடா நாடுகளில் ட்ரான்ஸிட்டில் மாட்டுவது வேறு கதை. அங்கே வெளியே விடுவார்களா என்பதை டிக்கட் எடுக்க முன்னரே பார்க்க வேண்டும்.

வயதானவர்களால் நடக்க முடியாது என்பது உண்மையான தடை, மறுக்கவில்லை. எங்களோடு வந்த ஓர் உம்மா பாதியிலே ஒரு திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். அங்கேயே அவருக்குத் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தோம். எயார்போர்ட் தரையைவிட அந்தத் திண்ணை நல்லது என்று அவரே சொன்னார்.

ட்ரவல்ஸ்காரர்களிடம் கேட்பது பெரிய காரியமில்லை. மக்காவிலிருந்து வரும் பஸ் எப்படியும் ஜித்தாவுக்குத்தான் வருகிறது. பெட்டிகள் பஸ்ஸிலேயே இருக்க, பாப் மக்கா பக்கம் ஒரு மூன்று மணித்தியாலம் நிறுத்தினால் போதும். நடக்க முடியாதவர்களை அதே பஸ்ஸில் கடற்கரைக்குக் கொண்டு போகலாம். கடல் நீரை 260 மீற்றருக்கு மேலே வீசுகிற மன்னர் ஃபஹ்த் நீரூற்றை, பஸ்ஸில் உட்கார்ந்தபடியே தூரத்திலிருந்து பார்க்கலாம். பஸ்காரருக்கு மேலதிகக் காசு கொடுக்க வேண்டுமென்றால் அதைப் பெக்கேஜில் சேர்த்துச் சொல்லுங்கள், தருவோம். காலமெல்லாம் சீட்டுப் போட்டுச் சேர்த்த காசில் ஒரே ஒரு தடவை போகிற மனிதருக்கு, அந்த மண்ணில் கடைசிப் பதினொரு மணித்தியாலத்தை வீணாக்க உங்களுக்கு யார் உரிமை தந்தது?

றமழானுக்கு முன் இன்னும் குரூப்கள் போக இருக்கின்றன. முற்பணம் கட்டப் போகிறவர்கள் ஹோட்டல் ஹரமுக்கு எத்தனை மீற்றர் என்று கேட்பதோடு நிறுத்தாமல், மக்காவிலிருந்து பஸ் எத்தனை மணிக்கு எடுக்கும், பிளைட் எத்தனை மணிக்கு, இடையில் எங்களை எங்கே வைத்திருப்பீர்கள் என்பதையும் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். எழுதித் தர மறுக்கிறவர் யாரென்று கமெண்டில் போட வேண்டாம், பள்ளி நிர்வாகத்திடம் சொல்லுங்கள். நாங்களும் கூட வந்து பேசுகிறோம்.