வருஷப் பிறப்பும் வருஷ பலனும்

டிசம்பர் மாதக் கடைசி வந்துவிட்டால் மதுரை நகரில் இரண்டு வியாபாரம் மும்முரமாய் நடக்கிறது. ஒன்று தின்பண்ட வியாபாரம். மற்றொன்று பயத்தை விற்கிற வியாபாரம். தின்பண்டத்தைப் பற்றி நமக்கு யாதொரு ஆட்சேபணையும் இல்லை. வருஷமெல்லாம் மூட்டை தூக்கினவனும், கடையில் கால் கடுக்க நின்றவளும், ஒரு நாள் பிள்ளை குட்டிகளோடு நல்ல சாப்பாடு சாப்பிட்டு, சிநேகிதர் வீட்டுக்குப் போய் வாழ்த்துச் சொல்லி வருவதை வேண்டாம் என்கிறவன் பகுத்தறிவுக்காரனல்ல. அவன் வெறும் சிடுமூஞ்சி. நாம் பேச வந்தது இரண்டாவது வியாபாரத்தைப் பற்றியே.

சிம்மக்கல் முனையில் அரை மணி நேரம் நின்று பார்த்தால் போதும். சிவகாசியில் அச்சாகி வந்த தினத்தாள் காலண்டர் கட்டுக் கட்டாய்ப் போகிறது. அதில் தேதியைச் சுற்றி இராகு காலமும், எமகண்டமும், சூலமும், சந்திராஷ்டமமும் காவலுக்கு நிற்கின்றன. பக்கத்திலேயே 12 ராசிக்கும் புத்தாண்டு பலன் சொல்லுகிற புஸ்தகம் தொங்குகிறது. 31ந் தேதி நடுச்சாமத்தில் பல கோயில்களில் நடை திறக்கிறார்கள். மாதாகோயிலுக்குப் போகிறவர்களுக்கும் குறைவில்லை; அங்கே பல சபைகளில் வருஷத்துக்கு ஒரு வாக்குத்தத்த வசனம் அட்டையில் அச்சடித்துக் கொடுக்கிறார்கள். ஒருவருக்கு ராசிக் கட்டம், மற்றவருக்கு வசன அட்டை. சரக்கு ஒன்றுதான், மேலே ஒட்டிய சீட்டுத்தான் வேறு.

வருஷத்தைப் பெற்றது யார்?

ஜனவரி 1ந் தேதி என்பது கிரகங்கள் கூடிப் பேசி வைத்த நாளல்ல. ரோமாபுரியில் கி.மு. 153 முதல் அதிகாரிகள் பதவியேற்ற நாள் அது. இங்கிலாந்திலேயே 1751 வரையில் சட்டப்படி வருஷம் பிறந்தது மார்ச் 25ந் தேதியில். 1752 முதல்தான் ஜனவரிக்கு மாறிற்று. பார்லிமெண்டு ஒரு சட்டம் செய்தது, வருஷம் இடம் மாறிப் பிறந்தது, அவ்வளவுதான்.

நம் நாட்டுச் சங்கதி என்ன? 2008இல் தை முதல் நாளே தமிழ் வருஷப் பிறப்பு என்று சென்னைச் சட்டசபையில் சட்டம் செய்தார்கள். 2011இல் அதை ரத்து செய்து மறுபடி சித்திரைக்கே கொண்டுபோனார்கள். எது சரி என்கிற விவாதம் இங்கே வேண்டாம். சோதிடரை மட்டும் ஒன்று கேட்கிறோம்: அந்த மூன்று வருஷமும் சனியும் குருவும் சர்க்கார் கெஜட்டைப் படித்துவிட்டா நடந்தன? சித்திரையில் வருஷம் பிறக்கிறது என்று பஞ்சாங்கம் எழுதுகிறவரே ஜனவரியிலும் வருஷ பலன் எழுதுகிறாரே, இது எந்த சாஸ்திரத்தில் இருக்கிறது? பஞ்சாங்கத்தின்படி நாள் பிறப்பது சூரியோதயத்தில். நடு இரவு 12 மணி என்பது வெள்ளைக்காரன் கடிகாரக் கணக்கு. அந்தக் கணக்குக்கு நடை திறக்க முடியுமானால், ஆகமமும் வழக்கமும் மாற்றக் கூடாதவை என்று மற்ற நாளில் சொல்லுவது எதற்காக? வருமானம் வருகிற பக்கம் சாஸ்திரம் வளையும், மனிதனுக்கு உரிமை கேட்டால் மாத்திரம் விறைத்துக்கொள்ளும் என்பதல்லாமல் இதற்கு வேறென்ன அர்த்தம்?

பஞ்சாங்கத்தின் யோக்கியதையையும் பார்த்துவிடுவோம். சூரியன் வடக்கே திரும்புகிற உத்தராயண புண்ணிய காலம் என்று தை முதல் நாளைச் சொல்லுகிறார்கள். உண்மையில் சூரியன் திரும்புவது டிசம்பர் 21 அல்லது 22ந் தேதி. பழைய சித்தாந்தக் கணக்கில் வருஷ அளவு சுமார் 24 நிமிஷம் அதிகம்; அது நூற்றாண்டு நூற்றாண்டாய்ச் சேர்ந்து இப்பொழுது 23, 24 நாள் பிசகாகி நிற்கிறது. இதைச் சொன்னவர் நாஸ்திகப் பிரசாரகரல்ல. இந்திய சர்க்கார் 1952இல் நியமித்த பஞ்சாங்கச் சீர்திருத்தக் கமிட்டியின் தலைவர், விஞ்ஞானி மேகநாத் சாகா. 1955இல் அறிக்கை வந்து, 1957 மார்ச் 22 முதல் ஒரு தேசியக் காலண்டரும் அமுலுக்கு வந்தது. அது சர்க்கார் தஸ்தாவேஜில் இருக்கிறது. பிசகான பஞ்சாங்கம் நம் வீட்டுச் சுவரில் இருக்கிறது. சூரியன் இருக்கிற இடத்தையே 23 நாள் தவறாய்ச் சொல்லுகிற புஸ்தகம், உன் மகளுக்கு வருகிற வருஷம் கலியாணம் ஆகுமா என்பதைச் சரியாய்ச் சொல்லும் என்று நம்பலாமா?

ஒரு சிறு கணக்கு

தினம் இராகு காலம் ஒன்றரை மணி, எமகண்டம் ஒன்றரை மணி. பகல் 12 மணியில் 3 மணி போயிற்று. நாலில் ஒரு பங்கு. வருஷத்துக்கு 90 நாளுக்கு மேற்பட்ட பகல் இதிலேயே தொலைந்தது. அஷ்டமியும் நவமியும் மாதத்துக்கு நாலு நாள் வீதம் இன்னும் 48 நாள். வருஷத்தில் மூன்றிலொரு பங்கைக் கெட்ட காலம் என்று தள்ளிவிட்டு, வருஷம் நன்றாயில்லை என்று அழுதால் யார் என்ன செய்ய முடியும்? திங்கட்கிழமை காலை ஏழரை முதல் ஒன்பது வரை இராகு காலம். அந்த நேரத்தில் சிம்மக்கல் வழியாய்ப் போகிற பஸ் ஒன்றாவது நின்றதுண்டா? பெரியாஸ்பத்திரிக்கு வந்த நோயாளி, இராகு காலம் முடியட்டும் என்று வாசலில் காத்திருந்ததுண்டா? உயிர் போகிற அவசரத்தில் நம்பாத ஒன்றை, சாவகாசமாய் இருக்கும்போது மட்டும் நம்புவது பக்தியல்ல, பழக்கம்.

நினைத்துப் பார்ப்பது என்றால் என்ன?

வருஷ முடிவில் நடந்ததை நினைத்துப் பார்ப்பது நல்ல காரியமே. ஆனால் எப்படி நினைப்பது என்பதற்கு ஒரு வருஷ முடிவே நமக்குப் பாடமாய் இருக்கிறது.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. காலை சுமார் ஆறரை மணிக்கு சுமத்திராவை ஒட்டிய கடலில் பூமி அதிர்ந்தது. தமிழ்நாட்டுக் கரைக்கு அலை வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அந்த இரண்டு மணி நேரமும் ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாகப்பட்டினம் ஜில்லாவில் மட்டும் 6000 பேருக்கு மேல் மாண்டார்கள். செம்படவர் மாண்டார்கள், கிறிஸ்துமஸுக்காக வேளாங்கண்ணிக்கு வந்தவர்களும் மாண்டார்கள். 12 ராசிக்காரரும் அதில் இருந்தார்கள். எந்த வருஷ பலன் புஸ்தகம் அவர்களைக் கரையை விட்டு விலகச் சொல்லிற்று?

பசிபிக் சமுத்திரத்தில் 1946இல் ஹவாய்த் தீவுகளைக் கடல் தாக்கியபோது, அங்கே பரிகாரம் செய்து நிறுத்திக்கொள்ளவில்லை. ஏன் முன்கூட்டித் தெரியவில்லை என்று கேட்டார்கள். 1949இல் எச்சரிக்கை நிலையம் வைத்தார்கள். நம் நாட்டிலும் 2004க்குப் பிறகு அதே கேள்வி கேட்கப்பட்டு, 2007இல் ஐதராபாத்தில் எச்சரிக்கை நிலையம் ஏற்பட்டது. 2012 ஏப்ரலில் மறுபடி சுமத்திராப் பக்கம் பெரும் அதிர்ச்சி உண்டானபோது, சில நிமிஷங்களில் சேதி வந்தது. இதுதான் நினைத்துப் பார்ப்பது. மாண்டவனை விதி என்று சொல்லிப் புதைப்பதல்ல. அடுத்தவன் மாளாமலிருக்க வழி தேடுவது.

நம் ஊருக்கே வருவோம். 2022ஆம் வருஷம் பிறந்து நாலு மாதம்கூட ஆகவில்லை. ஏப்ரல் 21ந் தேதி, மதுரை பழங்காநத்தம் நேரு நகரில் சாக்கடைக் கழிவுநீர்க் கிணற்றில் வேலை பார்த்த மூன்று தொழிலாளர்கள் விஷவாயுவால் மாண்டார்கள். மூவரும் ஒரே ராசியா? ஒரே நட்சத்திரமா? மூவருக்கும் பொதுவாயிருந்தது கிணறும், கூலிவேலையும், காப்பாற்றுவதற்குச் சரியான சாதனமில்லாமையும்தான். மலக்குழியில் மனிதனை இறக்கக் கூடாது என்று 2013இலேயே சட்டம் வந்துவிட்டது. ஆகையால் அவர்களைக் கொன்றது சனியன் அல்ல, சட்டத்தை மதியாத அலட்சியம். சனியன் என்று சொல்லிவிட்டால் ஒருவரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. அலட்சியம் என்று சொன்னால் யாராவது பதில் சொல்லியாக வேண்டும். பலன் சொல்லுகிறவனை, பதில் சொல்ல வேண்டியவர்களுக்குப் பிடித்திருப்பதன் ரகசியம் இதுவே.

சிம்மக்கல்லுக்குப் பக்கத்திலேயே யானைக்கல் இருக்கிறது. இங்கே கல்லில் சிங்கம், அங்கே கல்லில் யானை. கல் யானை கரும்பு தின்றதாகத் திருவிளையாடற் புராணம் சொல்லுகிறது; மீனாட்சியம்மன் கோயிலில் பொங்கலன்று அதை நடத்திக் காட்டுகிறார்கள். கல் யானைக்குக் கரும்பு கிடைத்தது சரி. மேலூர்ப் பக்கத்துச் செங்கரும்பை வெட்டி, கட்டுக் கட்டி, லாரியில் ஏற்றினவனுக்கு வயிறார என்ன கிடைத்தது என்று கேட்பதற்குத்தான் ஒரு விளையாடலும் இல்லை!

ஆகவே தோழர்களே! புது வருஷத்தைக் கொண்டாடுங்கள், நன்றாய்க் கொண்டாடுங்கள். ஆனால் 31ந் தேதி மாலை, பலன் புஸ்தகத்துக்குக் கொடுக்கிற காசில் ஒரு நோட்டுப் புஸ்தகம் வாங்குங்கள். சோதிடருக்கும் பரிகாரத்துக்கும் போன வருஷம் போனது எவ்வளவு, சாராயத்துக்குப் போனது எவ்வளவு, பிள்ளைகள் படிப்புக்குப் போனது எவ்வளவு என்று எழுதுங்கள். நம் தெருவில் யார் யார் எதனால் செத்தார்கள், அதில் தடுத்திருக்கக் கூடிய சாவு எது, அதற்கு யாரைக் கேட்க வேண்டும் என்று எழுதுங்கள். 1ந் தேதி விடிகாலையில், நாம் கொண்டாடிப் போட்ட குப்பையை நமக்கு முன்னால் எழுந்து கூட்டுகிறவருக்கு அன்று விடுமுறை உண்டா, கையுறை உண்டா என்று விசாரித்து அதையும் எழுதுங்கள். சிம்மக்கல்லிலேயே ஜில்லா நூலகம் இருக்கிறது. தெரியாததைச் சோதிடரிடம் கேட்காமல் அங்கே போய்ப் படியுங்கள். அடுத்த டிசம்பரில் அந்த நோட்டைத் திறந்து, எழுதினதில் எத்தனை காரியம் ஆயிற்று என்று பார்த்தால், அதுவே அந்த வருஷத்தின் பலன்.