திருவோடும் கொட்டாங்கச்சியும்

துறவிக்கு உடைமை கூடாது என்கிறது மனுவின் ஆறாம் அத்தியாயம். ஓடு, கந்தல், மரத்தடி போதுமாம். நல்ல விஷயம்தானே என்று மேலே புரட்டினேன். பத்தாம் அத்தியாயத்தில் சண்டாளனுக்கும் இதே இல்லாமை: பிணத்தின் துணி, உடைந்த பாத்திரம், இரும்பு நகை. சூத்திரன் முடிந்தாலும் பொருள் சேர்க்கக் கூடாது.

பிராமணன் விரும்பி ஏந்தினால் திருவோடு. எங்க பாட்டி டீக்கடை வாசலில் ஏந்தியது கொட்டாங்கச்சி. அதை யாரும் துறவுன்னு கும்பிடல. துறக்குறதுக்கு மொதல்ல ஏதாச்சும் இருக்கணுமில்ல? அந்த நூலைத்தான் 1927 டிசம்பர் 25 அன்று அம்பேத்கர் தலைமையில் மகாத்தில் எரித்தார்கள்.

சைவ மடங்களின் பேரில் தஞ்சைப் பக்கம் ஆயிரக்கணக்கான ஏக்கர். (சொத்து மடத்துக்குத்தானாம், சாமியாருக்கு இல்லையாம்!) மடத்து வயலில் காலமெல்லாம் நாத்து நட்டவள் பாட்டி. செத்தபோது அவள் பேரில் ஒரு சென்ட் இல்லை.